இட்லிப் பானைக் காய்ச்சல்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். ரெண்டு அணிக்கும் வணக்கம். ராத்திரி ஒன்பதரை மணிக்கும் எழுந்து போகாம உட்கார்ந்திருக்கிற உங்களுக்குப் பெரிய வணக்கம். மாரியாத்தா சன்னதியில நின்னு பேசுறேன். பொய் சொன்னா அவளே பார்த்துக்குவா.

தலைப்பு, "பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்குப் பெரிதும் துணை நிற்பது பெரியவர்களின் அனுபவமா, பெற்றோரின் திட்டமிடலா?" நான் திட்டமிடல் அணி. இதுக்காக நாலு பக்கம் குறிப்பு எழுதி, மறக்கக் கூடாதுன்னு முதல் நாளே பையில வச்சு, அந்தப் பையை பஸ்ஸுல விட்டுட்டு வந்திருக்கேன். நடுவர் சிரிக்கிறார். சிரிங்க ஐயா, மார்க்குல மட்டும் கை வச்சுடாதீங்க.

குறிப்பு இருந்தாலும் இனிமே பிரயோஜனம் இல்ல. எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் ஒண்ணு சொன்னாரே, கேட்டீங்களா? "இந்தக் காலத்து அம்மாக்கள், பிள்ளைக்குக் காய்ச்சல்னா தெர்மாமீட்டரைத் தொட்டுப் பார்ப்பாங்க, பிள்ளையைத் தொட்டுப் பார்க்க மாட்டாங்க!" பந்தல் அதிர்ற மாதிரி கை தட்டுனீங்க. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். பொம்பளைங்க பக்கத்துலேருந்தும் தட்டுச்சு. மூணாவது வரிசையில எங்க மாமியார் உட்கார்ந்திருக்காங்க. எல்லாரும் நிறுத்தின பிறகும் அவங்க மட்டும் தனியா நாலு தட்டு தட்டுனாங்க.

அண்ணே, ஒரே ஒரு கேள்வி. உங்க பையனோட தடுப்பூசி அட்டை வீட்டுல எங்க இருக்கு? மேல பார்க்காதீங்க, பந்தல்ல எழுதி வைக்கல. பாருங்க, அண்ணி முந்தானையால வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கிறாங்க. பீரோவுல, பட்டுப்புடவைக்கு அடியில, ரேஷன் கார்டுக்கு மேல. அண்ணிக்குத் தெரியும். அண்ணனுக்கு அந்த பீரோ எந்த ரூம்ல இருக்குன்னே சந்தேகம்.

சரி, தொட்டுப் பார்க்கிற கதைக்கே வர்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஐப்பசி மாசம், அடைமழை. காலையில ஏழு மணி. என் பொண்ணுக்கு அப்ப ஆறு வயசு. எழுப்புறேன், எழுந்திருக்கல. "அத்தை, பிள்ளை ஒரு மாதிரியா இருக்கு, கொஞ்சம் தொட்டுப் பாருங்க"ன்னேன். ஆமாண்ணே, தொட்டுப் பார்க்கத்தான் கூப்பிட்டேன். அத்தை அடுக்களையில அஞ்சாவது ஈடு இட்லி இறக்கிட்டு இருந்தாங்க. ஆவி பறக்க, தட்டைத் தூக்கி, துணியை உரிச்சு, அந்தக் கையோட வந்து நெத்தியில வச்சாங்க. "ஜில்லுனு இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி." எங்க வீட்டுக்காரர் பேப்பர் படிச்சபடியே சொன்னார்: "அம்மா சொன்னா சரியா இருக்கும்."

அத்தை போய் முற்றத்துல மழைத்தண்ணி பிடிச்சு வச்ச அண்டாவுல கையைக் கழுவினாங்க. மனசு கேட்கல. திரும்பி வந்து இன்னொரு தடவை தொட்டாங்க. "ஐயய்யோ! அனலாக் கொதிக்குது! பெத்தவ நீ என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற?" வீட்டுக்காரர் பேப்பரைத் திருப்பினார்: "அம்மா சொன்னா சரியா இருக்கும்."

நடுவர் ஐயா, கணக்கு வச்சுக்குங்க. பிள்ளை ஒண்ணு. நெத்தி ஒண்ணு. தொட்டது ஒரே ஆள். நடுவுல ரெண்டு நிமிஷம். தீர்ப்பு மட்டும் ரெண்டு. ஏன்? இட்லிப் பானைச் சூட்டுல இருந்த கைக்கு நூறு டிகிரி நெத்தியும் குளுமைதான், மழைத்தண்ணியில நனைஞ்ச கைக்கு நம்ம எல்லா நெத்தியும் அடுப்புதான்.

இதோட முடிஞ்சுதா? அதே ஈரக் கையால அத்தை மகன் நெத்தியையும் தொட்டாங்க. "டேய், உனக்கும் அடிக்குதுடா!" அவ்வளவுதான். பேப்பர் கீழே விழுந்துச்சு. போர்வை மேல ஏறுச்சு. ஆபீஸுக்கு லீவு சொல்லியாச்சு. அந்த நேரம் பார்த்து பால்காரர் வந்தார். அவர் நெத்தியும் கொதிச்சுது. கொசுறுக்குப் பக்கத்து வீட்டு அக்கா. எட்டு மணிக்குள்ள எங்க தெருவுல நாலு பேருக்குக் காய்ச்சல், ஒரு சொம்பு சுக்குக் கஷாயம். நான் தெர்மாமீட்டரை எடுத்து அக்குள்ல வச்சுப் பார்த்தேன். பொண்ணுக்கு 102. வீட்டுக்காரருக்கு 98. அவர் போர்வைக்குள்ள இருந்தே சொன்னார்: "மிஷின் ரிப்பேர்."

அந்த 102-ஐ நான் எங்க எழுதினேன்னு கேளுங்க. மளிகைக் கடையில கொடுத்த மாதக் காலண்டர்ல. அந்தக் காலண்டர்ல எனக்கும் அத்தைக்கும் பாகப்பிரிவினை. அமாவாசை, கரிநாள், பால் கணக்கு எல்லாம் அவங்க பென்சில். என்னுது சிவப்புப் பேனா.

சிவப்புல என்ன எழுதியிருக்கேன்னு சொல்றேன். இப்ப சித்திரை. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்குல ஆரம்பிச்சா கடைசி வாரம் வரைக்கும் காலையில 11-லேருந்து 3 மணி வரைக்கும் வெயில்ல ஆட்டம் கிடையாது. நுங்கு உண்டு, நீர்மோர் உண்டு, பல்லாங்குழி உண்டு. ஆனா இந்த லீவுலேயே நீச்சல் கத்துக் கொடுத்துடணும், பம்புசெட்டுத் தொட்டியில, பெரியவங்க ஒருத்தர் பக்கத்துலேயே நிக்க. ஏன் இப்பவே? வழக்கப்படி ஜூன் 12-ல மேட்டூர் திறந்தா, ஆடிப்பெருக்கு அன்னைக்கு நம்ம ஆத்துல கரை தொட்டுத் தண்ணி ஓடும். அன்னைக்குப் போய், "கண்ணு, கையை இப்படி அடி"ன்னு சொல்லிக் கொடுக்க முடியாது. அப்புறம் பிப்ரவரி, ஆகஸ்ட்ல பள்ளிக்கூடத்துல பூச்சி மாத்திரை. அது மென்னு சாப்பிடுற மாத்திரை. எங்க வீட்டுக்காரர் பையில போட்டுக் கொண்டுவந்து, சாமி படத்துக்குப் பின்னாடி பத்திரமா வச்சிருந்தார்.

ஐப்பசி வந்தா ஞாயித்துக்கிழமை காலையில கொட்டாங்குச்சி, பழைய டயர், ஆட்டுக்கல் குழி, பிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தட்டு, எல்லாத்தையும் கவுக்கணும், துடைக்கணும். டெங்குக் கொசு சாக்கடையில வளர்றதில்ல. அது நம்மளைவிடச் சுத்தக்காரி, நல்ல தண்ணியிலதான் முட்டை போடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதனாலதான் வாரத்துக்கு ஒரு தடவை. பகல்லதான் கடிக்கும், அதனால ராத்திரி கொசுவத்தி கொளுத்தி ஜெயிச்சுட்டோம்னு நினைக்காதீங்க.

கையைத் தூக்குங்க பார்ப்போம், 10 வயசுலயும் 16 வயசுலயும் போடுற ரணஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசியை உங்க பிள்ளைங்களுக்குப் போட்டவங்க? ஒண்ணு, ரெண்டு... அந்தப் பக்கம் ஒரு கை. ஐயா, நீங்க தலை சொறியத் தூக்கினீங்களா? ஒன்றரை வயசோட ஊசி முடிஞ்சுதுன்னு பாதிப் பேர் அட்டையை மூடி வச்சுடுறோம்.

ஊசின்னு சொன்னதும் ஞாபகம் வருது. எங்க அத்தை உப்பு வாங்கப் போனாலும் ராகுகாலம் பார்ப்பாங்க. ஆனா ஆரம்ப சுகாதார நிலையத்துல புதன்கிழமை ஊசி நாள்னா மட்டும் காலண்டர் பக்கமே திரும்ப மாட்டாங்க. அட்டையை மஞ்சப்பையில வச்சுக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுடி, கிளம்பு." பழமொழியை இதுக்கு உபயோகிக்கிறாங்களேன்னு நான் சிரிச்சிருக்கேன். காரணம் கேட்கல.

கதை பாதியில நிக்குது. அந்த 102 காய்ச்சல். டாக்டர் பாராசிட்டமால் மட்டும் கொடுத்தார், வேற வலி மாத்திரை எதுவும் கடையில வாங்கிக் கொடுக்காதீங்கன்னார். மூணு நாள் அடிச்சுது. நாலாம் நாள் காலையில தெர்மாமீட்டர் 98 காட்டுச்சு. வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். "தலைக்கு ஊத்திடலாம்"னு அத்தை வெந்நீர் போட்டாங்க. ஆனா டாக்டர் சொன்னதைச் சிவப்புப் பேனாவுல எழுதி வச்சிருந்தேன்: காய்ச்சல் விடுற நாள்லதான் கவனமா இருக்கணும். வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், தூங்கி விழுறது, ஒண்ணுக்குப் போறது குறையுறது, இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பொண்ணு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா. மத்தியானத்துக்குள்ள ரெண்டு வாந்தி. வெந்நீரை அப்படியே விட்டுட்டு ஆட்டோ பிடிச்சோம்.

டெங்கு. வார்டுல அஞ்சு நாள்.

ரெண்டாவது ராத்திரி. கட்டிலுக்குக் கீழே நான் துண்டை விரிச்சுப் படுத்திருக்கேன். அத்தை தூங்கல. ஒரு கையில டம்ளர், ஒரு கையில ஸ்பூன், உப்புச் சர்க்கரைக் கரைசல். வாந்தி வந்துடக் கூடாதுன்னு ஒரு ஸ்பூன் கொடுப்பாங்க, கொஞ்ச நேரம் பொறுப்பாங்க, அடுத்த ஸ்பூன். மாத்திக் கொடுக்கலாம்னு எழுந்தேன். ஸ்பூனைத் தரல. ரவிக்கைக் கை மேலே ஏறியிருந்துச்சு. புஜத்துல ரெண்டு வட்டத் தழும்பு, பழைய எட்டணா அளவுக்கு. தினமும் பார்த்த தழும்புதான். அன்னைக்குத்தான் கேட்டேன்.

"அம்மை குத்தினது. எனக்கு ஆறு வயசு. திருகு ஊசி, வச்சுத் திருகுவான், உசுரு போயிடும். ஊர்ல எல்லாரும் பிள்ளைங்களை ஒளிச்சு வைப்பாங்க. ஆத்தா கோச்சுக்குவான்னு பயம். எங்க ஆயா என் தம்பியைக் குதிருக்குள்ள எறக்கி, மேல சாக்கைப் போட்டுட்டா. நான் கொல்லையில விளையாடிக்கிட்டு இருந்தேன், மாட்டிக்கிட்டேன்."

அடுத்த பங்குனியில ஊருக்குள்ள பெரியம்மை வந்திருக்கு. அத்தைக்கு வரல. தம்பிக்கு நாலு வயசு. வேப்பிலையிலதான் படுக்க வச்சிருந்தாங்களாம். அவன் பேரைச் சொல்லும்போது அத்தைக்குக் குரல் இல்ல. ஸ்பூனை டம்ளருக்குள்ள வச்சாங்க, திரும்ப எடுத்தாங்க. "எங்க ஆயா அவனை வெறுத்தா ஒளிச்சா? உசுரா இருந்தா. அப்புறம் சாகுற வரைக்கும் அந்தக் குதிருல நெல்லு கொட்ட விடல. வெறும் குதிரா நின்னுச்சு."

அந்தப் பெரியம்மை ஒழிஞ்சுதுன்னு 1980-ல உலகத்துக்கே அறிவிச்சாங்க. எனக்குப் புஜத்துல அந்தத் தழும்பு கிடையாது. என் பொண்ணுக்குக் கிடையாது. அண்ணே, உங்க பையனுக்கும் கிடையாது.

நடுவர் மணி அடிக்கிறார். எதிரணிக்கு இன்னும் மூணு பதில் வச்சிருந்தேன், அதுவும் அந்த பஸ்ஸுலேயே போகுது, போகட்டும். இப்ப எங்க வீட்டுல பிள்ளைக்கு உடம்பு சுட்டா, அத்தை அடுக்களையிலேருந்து வந்து கையைப் புடவையில துடைப்பாங்க. உடனே தொட மாட்டாங்க. கை ஆறுற வரைக்கும் நிப்பாங்க. அப்புறம் தொடுவாங்க. தொட்டுட்டு, "அந்த மிஷினையும் வை"ம்பாங்க.

தொட்டுப் பார்க்கிறதைப் பத்திக் கேட்டீங்க அண்ணே. மூணாவது வரிசை, ஓரத்துலேருந்து ரெண்டாவது நாற்காலி. கதையில வந்த பொண்ணு அத்தை மடியில தூங்குறா. கை எங்க இருக்குன்னு திரும்பிப் பாருங்க.

வணக்கம்.