அலாவுதீன் கதையின் பின்னால் இருவர்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அலாவுதீனும் அற்புத விளக்கும், அலிபாபாவும் நாற்பது திருடர்களும். இந்தக் கதைகள் தெரியாத வீடு நம் ஊரில் இருக்காது. ஆயிரத்தொரு இரவுகள் என்ற அரபுக் கதைத் தொகுப்பில் வருபவை என்றுதான் படித்திருப்போம். ஆனால் அந்தத் தொகுப்பின் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகள் எதிலும் இவை கிடையாது. முதலில் அச்சேறியதே பிரெஞ்சு மொழியில்தான். எழுதியவர் அந்துவான் கலான். அவரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கலான் 1646-இல் பிரான்சின் வடக்கே, பிக்கார்டிப் பகுதியில் ரொல்லோ என்ற சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்புதான் அவரைக் கரையேற்றியது. 1670-இல் பிரெஞ்சுத் தூதர் நுவாந்தேல் கான்ஸ்டான்டினோபிளுக்குப் போனபோது இவரையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே துருக்கி, பாரசீகம், அரபு மூன்றையும் ஊன்றிக் கற்றார். பிறகும் பலமுறை அந்தப் பக்கம் போய்ப் பழைய நாணயங்களையும் சுவடிகளையும் தேடினார். 1688-இல் ஸ்மிர்னா நகரில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரில், நிலநடுக்கம் வந்தபோது இடிபாடுகளுக்குள் சிக்கி உயிர் பிழைத்தார்.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. தெர்பலோ என்ற அறிஞர் கிழக்கு நாடுகளைப் பற்றிய பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றை முடிக்காமலே இறந்துபோக, அதை நிறைவு செய்து 1697-இல் வெளியிட்டார். காப்பி எங்கே தோன்றி எப்படிப் பரவியது என்று ஒரு சிறு நூலும் எழுதினார்.

சிந்துபாத் கதையைத்தான் முதலில் தனியாக மொழிபெயர்த்தார். அது ஒரு பெரிய தொகுப்பைச் சேர்ந்தது என்று கேள்விப்பட்டு, சிரியாவிலிருந்து அதன் கையெழுத்துப் பிரதியை வரவழைத்தார். அதன் மூன்று தொகுதிகள் இன்றும் பிரெஞ்சு தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1704-இல் அவருடைய பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் முதல் தொகுதிகள் வந்தபோது கலானுக்கு ஐம்பத்தெட்டு வயது. அத்தனை காலம் அறிஞர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த பெயர், அரண்மனைப் பெண்களிலிருந்து எல்லோர் வாயிலும் அடிபட்டது.

ஆனால் கைவசமிருந்த பிரதி பாதியிலேயே தீர்ந்துபோனது. வாசகர்கள் விடுவதாயில்லை. பதிப்பகத்தார் 1709-இல் இவரைக் கேட்காமலே, வேறொருவர் மொழிபெயர்த்த கதைகளையும் சேர்த்து எட்டாம் தொகுதியை வெளியிட்டுவிட்டார்கள். கலானுக்கு மிகுந்த மனவருத்தம்.

அதே ஆண்டு வசந்த காலத்தில்தான் ஹன்னா தியாப் அவர் கண்ணில் படுகிறார். சிரியாவின் அலெப்போ நகரத்து மரோனைட் கிறிஸ்தவ இளைஞர், இருபதை ஒட்டிய வயது. மன்னருக்காகப் பழம்பொருள் சேகரித்த பால் லூக்கா என்ற பயணியோடு பாரிஸ் வந்திருந்தார். கதை சொல்வதில் கெட்டிக்காரர். மே, ஜூன் மாதங்களில் அவர் சொல்லச் சொல்ல, கலான் தம் நாட்குறிப்பில் சுருக்கமாகக் குறித்துக்கொண்டார். அலாவுதீன், அலிபாபா, பறக்கும் கருங்காலிக் குதிரை எல்லாம் அப்படி வந்தவைதான்.

அலிபாபா கதையை நினைத்துப் பாருங்கள். திருடன் வாசற்கதவில் ஓர் அடையாளம் போட்டுவிட்டுப் போகிறான். வேலைக்காரி மோர்ஜியானா அதைக் கவனித்து, அக்கம்பக்கத்துக் கதவுகளிலும் அதே அடையாளத்தைப் போட்டுவிடுகிறாள். எண்ணெய் ஜாடிகளுக்குள் திருடர்கள் ஒளிந்திருப்பதை மோப்பம் பிடித்து, கொதிக்கும் எண்ணெயை ஊற்றிக் கதையை முடிக்கிறாள். ஓர் அடிமைப் பெண்தான் நாற்பது திருடர்களையும் ஒழித்தாள் என்று கலான் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். குறிப்பாக இருந்ததை இப்படி ஓட்டமுள்ள உரைநடையாக வளர்த்தது அவர் திறமை. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தத் தொகுதிகளில் எங்கேயும் ஹன்னாவின் பெயர் இல்லை. நாட்குறிப்பில் தேதி போட்டு நேர்மையாக எழுதி வைத்தவர், அச்சிட்ட நூலில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். கலான் மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. இருந்தும் இதைக் குறை என்றுதான் சொல்வேன்.

ஹன்னாவுக்கு மன்னரின் நூலகத்தில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார்கள். அது நடக்கவில்லை. அலெப்போ திரும்பித் துணி வியாபாரம் செய்தார். கலான் அதே 1709-இல் அரசக் கல்லூரியில் அரபுப் பேராசிரியரானார். 1715-இல் காலமானார். கடைசித் தொகுதிகள் 1717-இல் வெளிவந்தன.

எழுபது வயதைத் தாண்டியபின் ஹன்னா தம் பயணத்தை அரபியில் எழுதினார். வெர்சாய் அரண்மனையின் பகட்டை அதில் கண்முன் நிறுத்துகிறார். அலாவுதீன் ஒரே இரவில் எழுப்பிய மாளிகைக்கு அந்த அரண்மனையும் ஒரு சாயல் கொடுத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. அரபு நூல்களைக் கவனித்துவந்த ஒரு முதியவருக்குக் கதை சொன்னதாகவும், அவருடைய புத்தகத்தில் சில இரவுகள் குறைந்ததை அவற்றால் நிரப்பிக்கொண்டதாகவும் போகிறபோக்கில் எழுதுகிறார். முதியவரின் பெயரை அவரும் சொல்லவில்லை.

முதல் பக்கங்கள் தொலைந்துபோன ஹன்னாவின் அந்தக் கையெழுத்துப் பிரதி, யார் எழுதியது என்று தெரியாமலே வத்திக்கான் நூலகத்தில் நெடுங்காலம் கிடந்தது. ஆய்வாளர்கள் அடையாளம் கண்டபின், 2015-இல் பிரெஞ்சு மொழியில் நூலாக வந்திருக்கிறது. கலானின் நாட்குறிப்பும் அச்சில் கிடைக்கிறது. பிரெஞ்சு தெரிந்த நேயர்கள் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

நன்றி, வணக்கம்.