நிலாவைப் போல் தெரிந்த முகம்

இருங்கள், கேமராவுக்குக் கொஞ்சம் கிட்ட வைக்கிறேன். ஃபோகஸ் ஆகட்டும்... தெரிகிறதா? நீலத் தட்டு, மேலே வெள்ளையாக ஒரு பக்கவாட்டு முகம். காதோரச் சுருள்முடி எப்படி எடுப்பாக நிற்கிறது பாருங்கள். பெயின்ட் இல்லை, பளபளப்பும் இல்லை. தொட்டால் முட்டை ஓடு மாதிரி இருக்கிறது. இது இந்தக் காலத்து நகல்தான். அசல் வாங்க இந்தச் சேனலுக்கு வசதி போதாது!

இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற மட்பாண்டக் கலைஞர் 1770-களில் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்து கண்டுபிடித்த ஜாஸ்பர் மண் இது. நீலம், கோபால்ட் தருவது. முகத்தை மட்டும் தனியாக அச்சில் அழுத்தி எடுத்து, தண்ணீர் தொட்டுத் தட்டில் ஒட்டி, இரண்டையும் சேர்த்துச் சூளையில் சுடுவார்கள்.

சரி, ஏன் பக்கவாட்டு முகம்? ரோமானியக் காசை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பேரரசருக்குத்தான் இடம். கல்லில் புடைப்பு உருவமாகச் செதுக்கிய பழைய கேமியோவோ பெரும் பணக்காரர்களின் சேகரிப்பில் இருந்தது. மண்ணுக்கு வந்ததும் கதை மாறிவிட்டது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரோ நியூட்டனோ, யார் முகத்தை வாங்கி மாட்டுகிறீர்களோ அதுவே நீங்கள் யார் பக்கம் என்று சொல்லிவிடும்.

கல்லில் ஒன்றே ஒன்று இருந்தால் மதிப்பு. மண்ணில் எத்தனை நகல் போகிறதோ அத்தனை மதிப்பு. 1777-இல் பிரான்சில் நினி என்பவர், அமெரிக்காவின் பிரதிநிதியாக அங்கே வந்திருந்த பெஞ்சமின் ஃபிராங்ளினைச் சுடுமண்ணில் வார்த்தார். விக் இல்லாமல் வெளியே வராத ஊரில், மனிதர் தலையில் விலங்கு ரோமத்தால் ஆன தொப்பி! அந்த எளிமையே ஒரு பந்தாதான் என்பேன். அப்புறம் மூக்குப்பொடி டப்பி மூடியிலிருந்து மோதிரம் வரை அவர் முகம். இதனால் தன் முகம் நிலாவைப் போல் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்று 1779-இல் மகளுக்குக் கடிதமே எழுதினார்.

இப்போது திரையில் வருவது 1787-இல் அதே வெட்ஜ்வுட் பட்டறையில் வந்தது. மண்டியிட்ட ஓர் அடிமை. சுற்றிலும், ‘நான் மனிதன் இல்லையா, சகோதரன் இல்லையா’ என்ற கேள்வி. அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்கள் அணிந்தார்கள்; பெண்கள் வளையல்களிலும் கொண்டை ஊசிகளிலும் பதித்துக்கொண்டார்கள். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மதிப்பு கூடியது அணிந்தவருக்கு. மற்ற முகங்களின் கீழே பெயர் பொறித்த பட்டறை இது. இவருக்குப் பெயர் இல்லை. பெரிதாக்குகிறேன்... அந்தக் கைச்சங்கிலியைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரிகிறது.