வாசலில் ஒரு புன்னை

அவையோருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் தரைவீட்டில் குடியிருக்கும் நண்பர்கள் என்னைக் கண்டதும் கேட்பது, "எந்த மரம் வைத்தால் சீக்கிரம் நிழல் கிடைக்கும்?" என்பதுதான். சீக்கிரம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். தூங்குமூஞ்சி மரம் மளமளவென்று வளரும், சாலைக்கும் அழகு. ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. வீட்டு வாசலுக்குள் அடங்குகிற உடம்பும் அதற்கில்லை.

நான் கைகாட்டுவது புன்னையை. மெதுவாகத்தான் வளரும். மலாய்க்காரர்கள் பெனாகா லாவுட் என்பார்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் இதுவே. அங்கிருந்து நம்மோடு கப்பலேறி வந்ததோ என்று நினைக்க வேண்டாம். இதன் காய் கடலில் மிதக்கும். டிக்கெட் வாங்காமலே, நமக்கு வெகுகாலம் முன்பே இந்தக் கரையில் ஒதுங்கி வேர்விட்டுவிட்டது.

இதோ இந்த இலையைத் தடவிப் பாருங்கள். தோல் போன்ற தடிப்பு. நடுநரம்பிலிருந்து சீப்புப் பல்லாய் நெருங்கிய கோடுகள். உப்புக் காற்றும் மணல் தரையும் இதற்குப் பழக்கப்பட்டவை. பிற்பகல் வெயிலுக்கும் அசையாது.

நற்றிணையில் ஒரு பெண், விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்த புன்னைக்கொட்டை முளைத்துவிட, அதற்கு நெய் கலந்த பாலூற்றி வளர்க்கிறாள். "உன்னைவிட இவள் சிறந்தவள், உன் தங்கை" என்று மரத்தைக் காட்டிச் சொல்கிறாள் தாய். தங்கை எதிரே காதலனோடு சிரித்துப் பேச அவளுக்கு வெட்கம்! நீங்கள் பாலூற்ற வேண்டாம், எறும்புதான் வரும். தொட்டித் தட்டில் தண்ணீரும் தேங்கக் கூடாது; கொசுவுக்குத் தண்டம் கட்ட நேரும்.

கொட்டையின் ஓடு கெட்டியானது. ஓட்டோடு ஊன்றினால் முளைவிட ஏறக்குறைய இரண்டு மாதம். ஓட்டை நீக்கிப் பருப்பை ஊன்றினால் மூன்று வாரம் போதும். சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். என் முதல் கொட்டை சட்னியாகிவிட்டது. கிளையை நறுக்கும்போது வடியும் பால் கண்ணில் படக் கூடாது.

இடத்தை இன்றே யோசித்து முடிவு செய்யுங்கள். கிளை அகலமாக விரியும். மதிலையும் சாக்கடையையும் விட்டுத் தள்ளி நடுங்கள். உங்கள் வீடு மரப் பாதுகாப்பு வட்டாரத்தில் இருந்தால், அடிமரச் சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டியபின் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது.

வாசலருகே ஒரு பையில் கொட்டைகள் வைத்திருக்கிறேன். பூங்காவில் பொறுக்கியவை அல்ல, என் வீட்டு மரத்தினுடையவை. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்; ஒன்று சுத்தியலுக்கு.