ரேடியேட்டரும் செவ்வாய்க்கிழமையும்

வணக்கம். நியூ ஜெர்ஸியில் நூறு வயது தாண்டிய வீடுகளின் நீராவிச் சூடேற்றிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். பனிக்காலம் வந்துவிட்டால் அங்கே சன்னலோரத்து வார்ப்பிரும்பு ரேடியேட்டர், அதாவது உள்ளே நீராவி ஏறி அறையைச் சூடாக்கும் பகுதி, விடியற்காலையில் உஸ்ஸென்று மூச்சு விடும், டங் டங்கென்று தட்டும். பார்க்காதவர்கள், இரும்பு விலா எலும்புகளை வரிசையாக நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

"இதற்கு என்ன வயசு இருக்கும்?" வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான்.

ஒரு நண்பர் வீட்டில் ஏழெட்டுப் பூச்சுப் பெயிண்டுக்கு அடியில் ஏதோ எழுத்து மேடிட்டிருந்தது. சின்ன வயசில் நாலணாக் காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதையே செய்தேன். மெல்ல எழும்பி வந்தது: பேட்டண்ட், அக்டோபர் 18, ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று... கடைசி எண் மூன்றா எட்டா, தெரியவில்லை. நண்பர் மூன்று என்றார். ஐந்து வருஷம் கூடுதல் பழமை அல்லவா!

அமெரிக்காவில் பேட்டண்ட், அதாவது கண்டுபிடித்தவருக்குத் தரும் தனியுரிமை, வழங்குவது செவ்வாய்க்கிழமைகளில்தான். அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். நம் ஊரில் செவ்வாயன்று நல்ல காரியம் தொடங்கத் தயங்குவோம், அங்கே அதுதான் நாள். காலண்டரைப் பார்த்தேன். 1893இல் அந்தத் தேதி புதன், 1898இல் செவ்வாய். ஆக, எட்டு!

நண்பர் உடனே "1898இல் செய்த ரேடியேட்டர்" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வீட்டுப் பத்திரமோ 1908! இரும்பில் இருப்பது வார்த்த தேதி அல்ல, அந்த வடிவத்துக்கு உரிமை கிடைத்த தேதி. மறுபடியும் சொல்கிறேன், வார்த்த தேதி அல்ல. அன்று பேட்டண்டின் ஆயுள் 17 வருஷம், 1915 வரை தாராளமாக வார்த்திருக்கலாம். அப்புறமும்கூட, நல்ல அச்சை யார் தூக்கிப் போடுவார்? 1898க்கு முந்தையது அல்ல என்பது மட்டும்தான் உறுதி.

தேதி இல்லாமல் வெறும் பேட்டண்ட் எண் இருந்தால்? 1927இல் சட்டம் மாறி, தேதிக்குப் பதில் எண்ணைப் போடச் சொன்னார்கள். அதனால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. பூவும் கொடியுமாக இருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டு விக்டோரியா காலத்து ரசனை, மெல்லிய குழாய்களாக இருந்தால் 1920களை ஒட்டி வந்தது. விலாக்கள் அடியில் மட்டும் இணைந்திருந்தால் அது நீராவிக்கானது, வெந்நீருக்கு உதவாது.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். செவ்வாய்க்கிழமையைப் பிடித்தால் எனக்கு இப்படித்தான் ஆகிவிடும். சரி, சுவரில் இருந்து சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் 'மினியாபோலிஸ்-ஹனிவெல்' என்று கம்பெனிப் பெயர் இருந்தால் 1927இலிருந்து 1963க்குள். வட்ட வடிவ ஹனிவெல் 1953இல் வந்தது.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: நிலவறையில் பாய்லரையும் குழாய்களையும் சுற்றி மாவுக்கட்டு போல வெள்ளையாக இருந்தால், தேதி தேடுகிறேன் என்று சுரண்டாதீர்கள். தூள் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், சோதிப்பவரைக் கூப்பிடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். காகிதமும் பென்சிலும் போதும். வணக்கம்.