பாங்லாங்கில் தந்த வாக்கு

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முட்டுவலியோடு மாடிப்படி ஏறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் புலவர் ஐயா அவர்களே, வேறொரு நிகழ்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, ஆண்டுதோறும் இந்த மேடையை எனக்குத் தரும் வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, வியாசர்பாடியிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கும் பர்மாத் தமிழ்ப் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். எம்.பி. அவர்கள் சீக்கிரம் கிளம்ப வேண்டுமாம். கடைசிவரை இருந்து கேட்டுவிட்டுப் போகும்படி வேண்டிக்கொள்கிறேன். என் கோரிக்கையே அவரிடம்தான்.

பர்மாவின் மலைநாட்டு மக்கள் ஏன் இன்னும் போராடுகிறார்கள் என்பதுதான் இன்றைய தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன். பாங்லாங் ஒப்பந்தம் ஒன்று, மலைநாட்டு மொழிகளின் நிலை இன்னொன்று, கச்சின் மலையில் வெட்டியெடுக்கும் பச்சைக்கல் யார் பைக்குப் போகிறது என்பது மூன்றாவது.

1947 பிப்ரவரி 12. ஷான் மலையில் பாங்லாங் என்ற சிற்றூர். பர்மியர்களின் தலைவர் ஆங் சான் அங்கே போய் ஷான், கச்சின், சின் தலைவர்களோடு உட்கார்ந்து பேசிக் கையெழுத்திட்டார். உள் நிர்வாகத்தில் உங்களுக்கு முழுத் தன்னாட்சி உண்டு, வாருங்கள், சேர்ந்து விடுதலை வாங்குவோம் என்பதுதான் பேச்சு. பர்மியனுக்கு ஒரு கியாட் என்றால் உனக்கும் ஒரு கியாட் (கியாட் என்பது பர்மா நாணயம்) என்று அவர் சொன்னதாக மலைநாட்டார் இன்றைக்கும் சொல்வார்கள். கரென் மக்கள் பார்வையாளர்களாக மட்டுமே வந்தார்கள். மோன், அரக்கான் மக்களுக்கு அங்கே இடமே இல்லை. அந்தக் குறை ஒருபுறம் இருக்கட்டும். வந்தவர்களுக்குக் கொடுத்த வாக்காவது நின்றதா?

அதே ஆண்டு ஜூலை 19 அன்று ஆங் சானைச் சுட்டுக் கொன்றார்கள். அதன்பின் வந்த அரசியல் சட்டத்தில் ஷானுக்கும் இன்றைய கயா மாநிலமான கரென்னிக்கும் பத்து ஆண்டுகள் கழித்துப் பிரிந்துபோகும் உரிமைகூட எழுதியிருந்தது. சின் மக்களுக்கு ஒரு மாநிலம்கூடக் கிடைக்கவில்லை, 'சிறப்புப் பகுதி' என்று பெயர் வைத்ததோடு சரி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. நான் எந்த மேடை ஏறினாலும் இந்தப் பழமொழியைச் சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும். பர்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி எனக்குத் தெரியாது.

மலைநாட்டார் எடுத்த எடுப்பில் பிரிவினை கேட்டார்களா? பெரும்பாலோர் கேட்டது கூட்டாட்சிதான். 1962இல் அதற்காகவே ரங்கூனில் மாநாடு கூட்டினார்கள். மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே, மார்ச் 2 விடியலில், ராணுவத் தளபதி நே வின் படையை இறக்கி ஆட்சியைப் பிடித்தார். நாட்டின் முதல் குடியரசுத் தலைவராக இருந்தவர் ஷான் சிற்றரசர் சாவ் ஷ்வே தைக். அவர் வீட்டைச் சுற்றி வளைத்துச் சுட்டதில் பதினேழு வயது மகன் செத்தான். அவரைச் சிறைக்குக் கொண்டு போனார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அவரும் சிறையிலேயே இறந்துபோனார். கூட்டாட்சி கேட்டதற்கு இதுதான் பதில்.

அந்த நே வின்தான் நம் ஆட்களின் கடைகளையும் அரசுடைமை ஆக்கினார். 1964இல் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார். கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறிய குடும்பங்கள் இதோ என் எதிரே உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஃபாலம் ஊரைச் சேர்ந்த சின் இளைஞர் ஒருவரை பர்மா பஜார் பக்கம் அத்தோ கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்கார அம்மா ரங்கூனில் பிறந்தவர். நூடுல்ஸில் கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் விட்டுக் கையாலேயே பிசைந்துகொண்டிருந்தவர், தம்பியின் முகத்தைப் பார்த்ததும் பர்மிய மொழியில் நலம் விசாரித்தார். தம்பிக்கு முகம் இறுகிவிட்டது. அவன் ஊரில் அந்த மொழியில் அதட்டியவர்களெல்லாம் துப்பாக்கி வைத்திருந்தவர்கள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகப் பதில் சொன்னான். அந்த அம்மா ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் அதிகமாக ஊற்றி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எங்கள விரட்டுனவங்கதான் இந்தப் புள்ளையையும் விரட்டுனாங்களா?" ஆமாம் என்றேன். சாப்பிட்டு முடித்ததும் காசு வாங்க மறுத்துவிட்டார். "நாங்க வந்து எறங்கினப்போ கவர்மென்டு அட்டை குடுத்துச்சு, கடை போட எடம் குடுத்துச்சு. உங்கிட்ட என்னப்பா இருக்கு?" என்று கேட்டார். தம்பி சட்டைப்பையிலிருந்து எடுத்தது மிசோரமில் ஒரு தேவாலயத்தில் கொடுத்த கடிதம். நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். அவ்வளவுதான் அவனிடம் இருந்தது.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தது. சின் மலையில் மிந்தாத் ஊர் இளைஞர்கள் மான் வேட்டைக்கு வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியோடு எதிர்த்து நின்றார்கள். அக்டோபரில் அதே சின் மலையில் தந்த்லாங் ஊரில் ஒரே நாளில் 160க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. சனம் எல்லையிலுள்ள தியாவ் ஆற்றைக் கடந்து மிசோரமுக்குள் வந்தது. இப்படி வருகிறவர்களைத் தடுக்கச் சொல்லி டெல்லி அந்த ஆண்டு மார்ச்சிலேயே கடிதம் எழுதியிருந்தது. எங்களால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்று அப்போதைய மிசோரம் முதலமைச்சர் ஜோரம்தாங்கா பிரதமருக்கே பதில் எழுதினார். 30,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மிசோ மக்கள் சோறு போட்டார்கள், பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். அவர்களுக்கு ஏன் அந்த மனசு? அவர்களும் அடிபட்டவர்கள். 1966இல் மிசோக்கள் தனிநாடு கேட்டுப் போராடியபோது, அவர்கள் ஊர் ஐசால் மீது நம் விமானப்படையே குண்டு போட்டது. இருபது ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1986இல் ஒப்பந்தம் ஏற்பட்டது, 1987 பிப்ரவரி 20இல் தனி மாநிலம் வந்தது, துப்பாக்கி ஓய்ந்தது. அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுத்தால் நாடு உடையாது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? 1974இலேயே மாநில சுயாட்சித் தீர்மானம் போட்ட சட்டமன்றம் நம்முடையது. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மொழி பற்றியும் பச்சைக்கல் பற்றியும் தனியாக ஒரு நாள் பேசலாம். இப்போது அவசரம் வேறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றேன். அகதி விஷயத்தில் நம் நாட்டில் ஏட்டில்கூடச் சுரைக்காய் இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று ஒரு சட்டம் கிடையாது. உயிருக்குப் பயந்து ஓடிவந்தவரும் விசா முடிந்து தங்கிவிட்ட சுற்றுலாப் பயணியும் சட்டத்தின் முன் ஒன்றுதான். 2019 குடியுரிமைத் திருத்தத்தில் பர்மாவும் இல்லை, இலங்கையும் இல்லை. மண்டபம் முகாமில் பிறந்த ஈழத்துப் பிள்ளைக்கும் ஃபாலம் தம்பிக்கும் ஒரே கதிதான். எல்லையிலோ வேலி போடப்போகிறோம் என்று 2024இல் அறிவித்துவிட்டார்கள்.

எம்.பி. அவர்களே, அடுத்த கூட்டத்தொடரில் நீங்கள் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவர வேண்டும். வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது, அடையாள அட்டை வேண்டும், பிள்ளைக்குப் பள்ளி வேண்டும், வேலை செய்ய அனுமதி வேண்டும். இந்த நான்கும் அதில் இருந்தால் போதும். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. புலவர் ஐயா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். நீங்களும் பெயரோடு பின்கோடும் சேர்த்துத் தெளிவாக எழுதிவிட்டுப் போங்கள். பின்கோடு இல்லாவிட்டால் எந்தத் தொகுதி என்று பிரிக்க முடியாது. கட்டு சேர்ந்ததும் எம்.பி. அவர்களிடம் நேரில் கொடுக்கப் போகிறோம், கூட வர விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.