சீனியை விட்டுவிடாதீர்கள்

வணக்கம் நேயர்களே. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் மருந்துக்கடை வைத்திருப்பவன் நான். வெயில் காலம் வந்துவிட்டால் வயிற்றுப்போக்குக்கு மருந்து கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டோங்காட் பக்கம் பல மாதம் குழாயில் தண்ணீர் வராமல் இருந்ததே, அப்போதும் இதே கதைதான். வருகிறவர்களிடம் மாத்திரையைவிட முதலில் நான் சொல்வது உப்பு-சீனிக் கரைசலைத்தான். போன மாதம் ஒரு ஆன்ட்டி குறுக்கே கேட்டார்: "தம்பி, எனக்கு டயபடீஸ். சீனி போடாமல் உப்புத் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாதா?"

போதாது. ஏன் போதாது என்பதுதான் இன்றைய பேச்சு.

பலரும் நினைப்பது, சோர்ந்துபோன உடம்புக்குத் தெம்பு தரத்தான் சீனி என்று. தெம்பு ஓரளவு வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தம்ளரில் சீனிக்கு இருக்கும் முக்கிய வேலை வேறு. உப்பைக் குடலுக்குள்ளிருந்து உடம்புக்குள் கொண்டு போவது அது. உப்பு உள்ளே போனால்தான் தண்ணீரும் பின்னாலேயே போகும்.

கொஞ்சம் நுணுக்கமாகப் பார்ப்போம். நம் செல் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. தடிமன் சுமார் 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை 2 லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகையால் ஆனது. அதன் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வால் இரண்டும் தாளித்துக் கொட்டிய எண்ணெய் ரசத்தில் ஒட்டாமல் நிற்பதுபோல் தண்ணீரை விட்டு விலகி நிற்கும். அதனால் வால்கள் உள்பக்கமாகவும் தலைகள் வெளிப்பக்கமாகவும் இரண்டு அடுக்காகத் தானாகவே அமைந்துவிடும். 1925இல் ஹாலந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர் மேல் பரப்பி அளந்து பார்த்தார்கள். செல்லின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு இடம் பிடித்தது. சரி, இரட்டை அடுக்குதான் என்று முடிவு கட்டினார்கள். அவர்கள் கணக்கில் இரண்டு பிழை இருந்ததும், ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிட்டதும் பின்னால்தான் தெரிந்தது. முடிவு மட்டும் சரி!

இந்தக் கொழுப்பு அடுக்கின் வழியே ஆக்சிஜன் சுலபமாகப் போகும், கார்பன் டை ஆக்சைடு போகும், சாராயமும் போகும். சீனி குடலில் உடையும்போது கிடைக்கும் குளுக்கோஸ் போகாது, அது தண்ணீரோடு சேரும் சாதி, உருவமும் பெரிது. உப்பில் இருக்கும் சோடியம் மின்னேற்றம் உள்ளது, அதற்கும் வழி கிடையாது. இவற்றைக் கடத்த சவ்வில் ஆங்காங்கே புரதங்கள் பதிந்திருக்கின்றன. தண்ணீருக்கென்றே தனிப் புரதம் உண்டு. 1992இல் அதைக் கண்டுபிடித்த பீட்டர் ஏகருக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிறுகுடல் செல்லுக்கு வருவோம். அதன் ரத்தத்தை ஒட்டிய பக்கத்தில் ஒரு பம்பு ஓய்வில்லாமல் ஓடுகிறது. 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். அதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. குடலில் இருக்கும் சோடியம் உள்ளே பாயத் தயாராக நிற்கும். உணவு வந்து சேரும் பக்கத்தில் இன்னொரு புரதம் இருக்கிறது. 2 சோடியமும் 1 குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே விடும். குளுக்கோஸ் இல்லாமல் சோடியம் மட்டும் வந்தால் அந்த வழி திறக்காது. ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர் 1960இல் பிராக் நகரில் ஒரு மாநாட்டில் இதை முதலில் எடுத்துச் சொன்னார்.

காலரா வரும்போதுதான் இதன் அருமை தெரியும். காலரா நச்சு வந்து ஒட்டிக்கொள்வதும் சவ்வில் இருக்கும் ஒரு கொழுப்பில்தான். ஒட்டி, உள்ளே புகுந்து, உப்பில் சோடியத்தோடு சேர்ந்திருக்கும் குளோரைடு வெளியேறும் பாதையைத் திறந்த மேனிக்கு விட்டுவிடும். குளோரைடு கொட்டும், கூடவே சோடியம், கூடவே தண்ணீர். மோசமான நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர்வரைகூடப் போகும். ஆனால் அந்தக் குளுக்கோஸ்-சோடியம் புரதத்தை மட்டும் நச்சு ஒன்றும் செய்வதில்லை! அது ஒழுங்காக வேலை செய்துகொண்டே இருக்கிறது. அதை நம்பித்தான் 1971இல், வங்கதேச அகதிகள் முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் உப்பு-குளுக்கோஸ் கரைசலை டிரம் டிரம்மாகக் கலக்கி வாயாலேயே குடிக்க வைத்தார். முகாமில் 100க்கு 30 என்று இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது.

நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். 2000 ஆகஸ்டில் எம்பாங்கேனி பக்கம் தொடங்கிய காலரா, நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது. இறந்தவர்கள் 100க்கு ஒருவருக்கும் குறைவு. அதில் இந்தக் கரைசலுக்குப் பெரிய பங்கு உண்டு.

இனி அளவு. எழுதிக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், டீஸ்பூனால் சீனி 8, உப்பு அரை. ஸ்பூனில் அள்ளியதும் கத்தியின் முதுகால் மேலே வழித்துவிடுங்கள், குவியல் கூடாது. கடையில் விற்கும் கரைசல் பொடிப் பாக்கெட்டில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தானே, நீ 8 ஸ்பூன் என்கிறாயே என்று கேட்கலாம். வீட்டுச் சீனியில் பாதிதான் குளுக்கோஸ், மறுபாதி ஃப்ரக்டோஸ்; அது வேறு வழியாகப் போகும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒத்துவரும். கரும்பு வெட்ட 1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் நாம், சீனிக்குப் பஞ்சமில்லை. அதற்காக அள்ளிப் போட்டுவிடாதீர்கள். சீனி கூடிப்போனால் குடலுக்குள் கரைசல் அடர்த்தியாகி, உடம்பிலிருந்து தண்ணீரை அது தன் பக்கம் இழுக்கும். போக்கு அதிகமாகும். அதனால்தான் குழந்தைக்குக் கூல்டிரிங் கொடுக்க வேண்டாம் என்கிறேன். பல கூல்டிரிங்கில் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சீனி, உப்போ பேருக்குத்தான். உப்பும் கூடக் கூடாது, குழந்தைக்கு அது ஆபத்து. ஆயா கொடுத்த உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி எவ்வளவோ மேல். அரிசி மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகத்தான் உடைகிறது.

ஆன்ட்டிக்குச் சொன்ன பதிலையும் சொல்லிவிடுகிறேன். டயபடீஸ்காரரும் இதைக் குடிக்கலாம், குடிக்க வேண்டும். கூடவே விரல் குத்தி சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று. முன்னே சொன்ன குளுக்கோஸ்-சோடியம் புரதத்துக்குச் சிறுநீரகத்தில் ஓர் உறவுக்காரர் இருக்கிறார். அவரைத் தடுத்து, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள் இப்போது புழக்கத்தில் இருக்கின்றன. அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே டாக்டருக்கோ கிளினிக்குக்கோ போன் போட்டு, அதை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று கேளுங்கள். நீர்ச்சத்து குறையும்போது அது தொல்லை தரும்.

குழந்தைக்குக் கண் குழிவிழுந்தாலோ, சோர்ந்து சுருண்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே கிளினிக். வாந்தி எடுத்தால் மட்டும் பயந்து நிறுத்திவிடாதீர்கள். 10 நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி கொடுங்கள். கலக்கியதை மூடி வையுங்கள். 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.