பழைய பற்றரி எங்கே போகும்?

நேயர்களுக்கு வணக்கம். முஸ்லிம் நேயர்களுக்கு என் ஸலாம்.

மின்சாரக் காரால் சுற்றாடலுக்கு நன்மையா கெடுதியா என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். என்னிடம் காரே இல்லை. ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது, அதுவும் மழை பெய்தால் ஸ்டார்ட் எடுக்காது. ஆனால் பற்றரியோடு எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். அந்தத் தைரியத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் மருமகன் வீட்டுக்கு வந்தார். "மாமா, மின்சாரக் கார் ஒண்டு எடுக்கலாமெண்டு இரிக்கன். புகை இல்ல, சத்தம் இல்ல, சுற்றாடலுக்கு ஒரு கெடுதியும் இல்ல" என்றார். பக்கத்து வீட்டு அண்ணன் அப்போது எங்கள் திண்ணையில் இருந்தார். முப்பது வருடம் லொறி ஓட்டியவர். "புகை இல்லையா? நுரைச்சோலைக் கரண்ட் நிலையத்தில கரி எரியிதே மனே, அது ஆருட புகை?" என்று பிடித்துக்கொண்டார். இரண்டு தரம் தேத்தண்ணி போட்டு முடிந்தது, சண்டை முடியவில்லை. இரண்டு பேரும் புகையைப் பற்றியே பேசினார்கள். எனக்கோ ஒரு முருங்கை மரம் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த மரத்தின் கதையைச் சொல்லிவிட்டுக் காருக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1990களின் தொடக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் கரண்ட் இல்லாத காலம். களுவாஞ்சிகுடிப் பக்கம் எங்கள் மாமா பற்றரி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தார். மண்டூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். சைக்கிள் கரியரில் பற்றரியை வைத்து, பழைய டியூப்பால் இறுக்கிக் கட்டி, குருமண்வெளிக்குப் பாதையில், அதாவது ஆளையும் வண்டியையும் ஏற்றும் மிதவையில், ஏறி ஆற்றைக் கடந்து வருவார்கள். பாதை ஆடும்போது அசிட் சிந்தும். சாரத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்த ஆளைக் கண்டால் பற்றரிக்காரன் என்று தெரிந்துவிடும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஒவ்வொரு பற்றரியிலும் சோக்கட்டியால் பெயர் எழுதுவேன். மூடியைத் திருகிப் பற்றரித் தண்ணி ஊற்றுவேன். படம் பார்க்கச் சிலர் கொண்டுவருவார்கள். முக்கால்வாசிப் பேர் கொண்டுவந்தது ரேடியோவில் செய்தி கேட்கத்தான். நீங்கள் இப்போது கேட்கிறீர்களே, இதே ரேடியோ.

சரி, பற்றரி செத்துவிட்டால்? கடைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கவிழ்ப்போம். அசிட்டை மண் குடித்துவிடும். முதலில் முருங்கை பட்டது. பிறகு பக்கத்தில் நின்ற வாழை. அந்த இடத்தில் மட்டும் புல் முளைக்கவே இல்லை. மாமி ஏசுவா, மாமா சிரிப்பார். உள்ளே இருக்கும் ஈயத் தகட்டை வலைக்காரர் வந்து வாங்கிப் போவார்கள். மூன்று கல் வைத்து, விறகு மூட்டி, உடைந்த சட்டியில் உருக்கி, வீச்சு வலைக்குக் குண்டு வார்ப்பார்கள். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும், அதற்கு அடுப்பு நெருப்பே போதும். வெள்ளி மாதிரி மினுங்கும். நாங்கள் பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்போம். ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும், அதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது அப்போது எங்களில் யாருக்குத் தெரியும்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பற்றரியை வாங்க ஆள் இருந்தது. இன்றைக்கும் "பழைய இரும்பு, பித்தளை, பற்றரி" என்று ஒலிபெருக்கி கட்டி வருகிறவர் ஈயப் பற்றரிக்குக் கிலோக் கணக்கில் காசு தருவார். அதனால் அது வேலியோரத்தில் கிடக்காது. ஓர் இடத்துக்குப் போய்ச் சேரும், அது நல்ல இடமோ கெட்ட இடமோ. போன வாரம் அப்படி வந்த ஒரு தம்பியிடம், மின்சாரக் காரில் இருக்கும் லித்தியம் பற்றரி எடுப்பீர்களா என்று கேட்டேன். இரண்டு கையையும் விரித்தார். "அது வெடிக்கும் ஐயா, வேணாம்."

அவர் சொன்னது சரி. ஈயத்தைப் போல அதை அடுப்பில் வைக்க முடியாது. பற்றரிக்குள் அடுக்கியிருக்கும் சின்னச் சின்னச் செல்களில் ஒன்று சூடேறினால் பக்கத்துச் செல்லையும் சூடாக்கும். அணைத்த பிறகும் மறுபடி பிடிக்கும். வரும் புகையில் ஐதரசன் புளோரைட்டு என்ற நச்சு வாயுவும் இருக்கும். நேயர்களே, பழைய போன் பற்றரியைக் குப்பையோடு போட்டு எரிக்கிறவர்கள் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்ததை எல்லோரும் அறிவீர்கள். சோற்றுப் பொதி சுற்றிய பையையே ஒழுங்காகச் சேர்க்கத் தெரியாத நாம், காரின் 300 கிலோ பற்றரியை என்ன செய்யப்போகிறோம்? மருமகனிடம் நான் கேட்டது இந்த ஒரு கேள்விதான். பழைய பற்றரி எங்கே போகும் மனே?

அது எங்கே போகும் என்பதோடு, எங்கேயிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆனையிறவு உப்பளம் பார்த்திருப்பீர்கள், இல்லாவிட்டால் நிலாவெளி. பாத்தி கட்டி, தண்ணீர் விட்டு, வெயிலில் காயவிடுவது. சிலி நாட்டில் அற்றகாமா என்ற பாலைவனத்தில் லித்தியம் எடுப்பதும் ஏறக்குறைய அந்த வேலைதான். நிலத்துக்கு அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீரைப் பம்பு பண்ணி, பெரிய பெரிய பாத்திகளில் ஒரு வருடத்துக்கு மேல் காயவிடுகிறார்கள். உலகத்தில் மழை மிகக் குறைந்த இடங்களில் அது ஒன்று. அங்கே காற்றோடு போகும் தண்ணீருக்கு ஈடு எங்கே? அங்கே காலாகாலமாக வாழும் பழங்குடிகள் இதைத்தான் கேட்கிறார்கள். அந்த உப்பு ஏரிகளை நம்பிப் பூநாரைகளும் இருக்கின்றன. அவுஸ்திரேலியாவில் பாறையை உடைத்து எடுக்கிறார்கள், அதில் பெரும் பகுதி சுத்திகரிக்கச் சீனாவுக்குப் போகிறது. கோபால்ட் வேறு. உலகத்துக் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொங்கோவில் எடுக்கப்படுகிறது. அங்கே கையால் குழி தோண்டுகிறவர்களில் பிள்ளைகளும் உண்டு. கோபால்ட், நிக்கல் இல்லாத இரும்பு-பொசுபேற்று வகை லித்தியம் பற்றரி இப்போது நிறையக் கார்களில் வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். நல்லதுதான். ஆனால் விலை உயர்ந்த உலோகம் இல்லாத பற்றரியை மீளெடுக்க யாருக்கு ஆசை வரும்? பாருங்கள், சுற்றிச் சுற்றி அதே கேள்விக்கு வந்துவிட்டேன்.

காரீயத்தை விட்டுவிட்டேன். பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட், முன்னே சொன்ன ஈயம் இல்லை. லித்தியம் பற்றரியின் ஒரு முனை முழுக்கக் காரீயம், எடையில் லித்தியத்தைவிடப் பல மடங்கு. நம் நாட்டில் போகலையிலும் ககட்டகஹவிலும் உலகத்திலேயே மிகத் தூய்மையான காரீயம் கிடக்கிறது. பேச்சு மட்டும் எப்போதும் லித்தியத்தைப் பற்றித்தான்.

இனி லொறி அண்ணனுக்குப் பதில். அவர் சொன்ன நுரைச்சோலை உண்மை. 900 மெகாவற்று நிலக்கரி நிலையம். பற்றரி செய்வதிலேயே நிறையக் காபன் வெளியாகிவிடுவதால் மின்சாரக் கார் கடையை விட்டு வரும்போதே கடனோடுதான் வருகிறது. ஓட ஓடக் கடன் தீரும். தூய போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் என்ற ஆய்வு நிறுவனம் 2021இல் ஒரு கணக்குப் பார்த்தது. காரைச் செய்வது முதல் கழிப்பது வரை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், பெற்றோல் காரைவிட ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதம் குறைவாகவே காபன் வருகிறது. நிலக்கரியை நம்பியிருக்கும் இந்தியாவில் 19 முதல் 34 சதவீதம்தான். குறைவு குறைவுதான், ஆனால் கரண்ட் எதில் வருகிறது என்பதைப் பொறுத்தது. நம் நாட்டில் மழை பெய்து மலைநாட்டு நீர்த்தேக்கம் நிரம்பியிருக்கும்போது சார்ஜ் போடுவதும் வரட்சியில் போடுவதும் ஒன்றல்ல.

பெற்றோல் கணக்கையும் அண்ணன் கேட்கட்டும். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் கார் 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடி முடிக்க 13,000 லீற்றருக்கு மேல் வேண்டும். ஒரு லீற்றர் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டு. முக்கால் கிலோ பெற்றோலிலிருந்து எப்படி 2.3 கிலோ வரும் என்று கேட்பீர்கள். காற்றிலிருக்கும் ஒட்சிசனும் அதோடு சேர்ந்துகொள்கிறது. மொத்தம் 30 தொன். அது போனது போனதுதான், எந்தப் பழைய இரும்புக்காரர் வந்தாலும் திருப்பி எடுக்க முடியாது. ஒரு காரின் பற்றரியில் இருக்கும் லித்தியம் பத்துக் கிலோவுக்குள்தான். அது எரிந்து போகாமல் உள்ளேயே கிடக்கும், எடுக்க ஆள் இருந்தால் எடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் போட்டது. கழிவுப் பற்றரியிலிருந்து லித்தியத்தில் 2027 முடிவுக்குள் 50 சதவீதமும் 2031 முடிவுக்குள் 80 சதவீதமும் மீளெடுக்க வேண்டும். விற்றவன்தான் திருப்பி எடுப்பதற்கும் பொறுப்பு. என் மாமாவின் கடைக்கு அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் முருங்கை நின்றிருக்கும்.

ஆகவே மருமகனுக்கு நான் சொன்னது: எடுங்கள் மனே, ஆனால் பெரிய ஜீப் வகை வேண்டாம். ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு களுவாஞ்சிகுடிக்கும் மட்டக்களப்புக்கும் போய்வர இரண்டு தொன் எதற்கு? சின்னப் பற்றரி போதும். விற்கிறவரிடம், பழுதானால் திருப்பி எடுப்பீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு செல் செத்தால் முழுவதையும் மாற்றச் சொல்வார்களா, அந்தச் செல்லை மட்டும் மாற்றித் தருவார்களா என்றும் கேளுங்கள். காருக்கு உதவாத செல் வீட்டு சோலாரில் இன்னும் பல வருடம் உழைக்கும்... ஓ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமாம். முருங்கை நேரத்தைத் தின்றுவிட்டது.

மின்சார பஸ், மின்சார ஓட்டோ, இரண்டையும் விரிவாகப் பேச எழுதிக்கொண்டு வந்தேன். இன்றைக்கு முடியாது. சார்ஜ் போடும் நேரம் பற்றி ஒரு வசனம்: 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரம் மிஞ்சுகிறது என்று சொல்லி, கூரை சோலார்காரரைப் பகலில் நிறுத்தச் சொன்னது மின்சார சபை. அந்த நேரத்தில் கார்கள் சார்ஜில் நின்றிருந்தால் அந்த வெயில் வீணாகியிருக்காது. முடிந்தவரை பகலில் போடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது நம் ஊருக்கு முக்கியம். நமக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, கார்த்திகை மார்கழியில் வெள்ளம். 2022இல் இயன் புயலோடு கடல் ஏறியபோது புளோரிடாவில் உப்புத் தண்ணீரில் நின்ற மின்சாரக் கார்கள் சில, தண்ணீர் வடிந்த பிறகு தீப்பிடித்தன. அன்றே இல்லை, நாட்கள் கழித்தும். உப்பு உள்ளே போனால் மின்சாரம் குறுக்கே பாயும். ஆகவே உங்கள் வண்டி, அது ஸ்கூட்டராக இருந்தாலும், வெள்ளத்தில் நின்றால் ஸ்டார்ட் பண்ண வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம். வீட்டுச் சுவரோடும் ஓலை வேலியோடும் நிறுத்த வேண்டாம். 15 மீற்றராவது தள்ளி வெளியில் விட்டு, தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்... சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம் நேயர்களே.